மாவட்டச் சராசரியில் கண்மாய் நிறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து வானிலைச் செய்தி நாளிதழ்களில் பெரும்பாலும் இரண்டே வடிவில் வருகிறது. ஐப்பசியில் ‘மாவட்டத்தில் சராசரியாக இத்தனை செ.மீ. மழை’. சித்திரையில் ‘இத்தனை ஊர்களில் சதமடித்தது வெயில்’. இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் முதுகுளத்தூர் கரிசலில் விதைக்கிறவருக்கும் வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்கிறவருக்கும் இந்த இரண்டு எண்ணாலும் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. வானிலைப் பெட்டிக்கு நீங்கள் ஒதுக்கும் இடம் அப்படியே இருக்கட்டும். அதில் அச்சிடும் எண்களை மாற்றுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

முதலில் ‘வறண்ட மாவட்டம்’ என்ற சொல். ராமநாதபுரத்தின் ஆண்டு மழை சராசரியாக 820 மி.மீ.யை ஒட்டி. லண்டனில் பெய்வது ஏறத்தாழ 600 மி.மீ.தான். அந்த ஊரை யாரும் வறண்ட ஊர் என்பதில்லை. வித்தியாசம் வானம் தரும் அளவில் இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது. இங்கே திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகக்கூடியது, பெய்யும் மழையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதோடு, மழையில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்துக்குள் வந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாகத்தான் இறங்குகிறது. ஆடியில் இங்கே வீசுவது புழுதி. மழை நாள் என்று வானிலைத் துறை கணக்கில் எடுப்பது 2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்த நாளை. அப்படிப்பட்ட நாள் இங்கே ஓராண்டில் ஐம்பதைத் தாண்டுவது அரிது. ஆகவே இந்த மாவட்டத்தின் தட்பவெப்பத்தைச் சொல்ல ‘எவ்வளவு பெய்தது’ என்ற ஒரே கேள்வி போதாது. எத்தனை நாளில் பெய்தது, எந்த மாதத்தில் பெய்தது, இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் காய்ந்தது என்பவையும் வேண்டும்.

‘இயல்பான மழை’ என்ற சொல்லும் இதே வகைதான். சராசரியைவிட 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறையின் அகராதியில் அது இயல்பு. ராமநாதபுரத்துக்கு இதைக் கணக்கிட்டால் 665 மி.மீ. பெய்த ஆண்டும் இயல்பு, 975 மி.மீ. பெய்த ஆண்டும் இயல்பு. முதல் ஆண்டில் பல கண்மாய்களில் ஆடு மேயும்; இரண்டாம் ஆண்டில் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழியான கலுங்கு பாயும். தலைப்பு மட்டும் ஒன்றே: ‘பருவமழை இயல்பான அளவு பதிவு’.

மாவட்டச் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2024 நவம்பர் 20-ஐவிட நல்ல சான்று கிடையாது. அன்று ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 செ.மீ. கொட்டியது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வரலாறு காணாத மழை. ஒரு மாவட்டத்தில் பதினாறு மழைமானி இருக்கிறது, மற்ற பதினைந்திலும் ஒரு துளி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் ஊரின் 410 மி.மீ. மட்டுமே மாவட்டச் சராசரியை 25 மி.மீ.க்கு மேல் தூக்கிவிடும். ஆனால் ராமேஸ்வரம் தீவு. அங்கே பெய்தது தெருக்களையும் வீடுகளையும் மூழ்கடித்துவிட்டுக் கடலில் போய்ச் சேர்ந்தது. நிலப்பகுதியில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களில் ஒன்றுக்குக்கூட அதிலிருந்து ஒரு குடம் வந்திருக்க வழியில்லை. பருவ முடிவில் ‘மாவட்டத்தில் மழை கூடுதல்’ என்று செய்தி வரும்போது இந்தத் தண்ணீரும் கமுதிக்காரரின் கணக்கில்தான் ஏறுகிறது.

மாதம் தவறிய மழை இன்னொரு கணக்கு. 2021 ஜனவரியில் தென்மாவட்டங்களில் வழக்கத்துக்கு மாறாகப் பெருமழை. எண்ணாகப் பார்த்தால் அது லாபம். ஆனால் வயலில் அறுவடைக்குச் சாய்ந்து நின்ற நெல் கதிரிலேயே முளைத்தது. குண்டு மிளகாயில் பூ உதிர்ந்து, காய் அழுகி, வேர் வெந்தது. தைப் பனிக்கும் வெயிலுக்கும் பழகிய செடி அது. பிடிக்க வேண்டிய மழையை மார்கழிக்குள் பிடித்துவிட்டு, அதன் பிறகு மண் காய்ந்திருக்கும் நாளில்தான் அது நிறமும் காரமும் ஏறும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பயிரின் ருசியே இந்த வறட்சியில்தான் இருக்கிறது. ஜனவரி மழையை ஆண்டு மொத்தத்தோடு கூட்டி ‘போதிய மழை’ என்று எழுதினால், நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதுகிறவரின் முகத்தில் அந்தச் செய்தியையே யாராவது நீட்டுவார்கள்.

அடுத்தது செ.மீ. பல நாளிதழ்கள் வானிலை மைய அறிக்கையை அப்படியே எடுத்து முழு எண்ணில் அச்சிடுகின்றன: ‘கமுதி 1, கடலாடி 1’. 6 மி.மீ.யும் முழுமையாக்கினால் 1 செ.மீ., 14 மி.மீ.யும் 1 செ.மீ. சென்னையில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு நிலத்தில் இது பயிருக்கும் பாழுக்கும் உள்ள வித்தியாசம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஊர்ப்புறத்தில் மழையை மி.மீ.யில் சொல்வதில்லை, ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்பார்கள். ஏர் ஓட்டும் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறதா என்பதே அந்த அளவு. அது மூடக் கணக்கு அல்ல. காய்ந்த கரிசலில் 25 மி.மீ. பெய்தால் ஈரம் ஏறத்தாழ அரை அடி இறங்கும். அதே மழை கடலோர மணலில் ஓர் அடி வரை போகும். 6 மி.மீ. பெய்தால் கரிசலில் மூன்று, மூன்றரை செ.மீ. நனையும், மறுநாள் பகல் வெயிலில் பாதி போய்விடும். மானாவாரி நெல்லைப் புரட்டாசியில் புழுதியில் விதைக்கும்போது விதை கிடப்பது மூன்று, நான்கு செ.மீ. ஆழத்தில். 6 மி.மீ.க்கு அது உப்பிப்போகும், முளைக்காது. 14 மி.மீ.க்கு முளைத்துவிடும், அடுத்த பத்து, பதினைந்து நாளில் மழை இல்லையென்றால் கருகும். 30, 40 மி.மீ. ஒரு மூச்சாகக் கிடைத்தால் மேலீரமும் கீழீரமும் கலந்துவிடும். பிறகு இரண்டு வாரம் காய்ந்தாலும் பயிர் தாங்கும். ஆகவே உழவர் பயப்படுவது மழையே இல்லாததைவிட இந்த நடுவாந்தர மழைக்கு. விதையைக் கிளப்பிவிட்டுப் போய்விடும் பொய் மழை அது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. செப்டம்பர் மாலைகளில் வெப்பச் சலனத்தால் வரும் இடிமழை பெரும்பாலும் இந்த ரகம்தான், அதுவும் ஓர் ஊரில் பெய்து பக்கத்து ஊரில் புழுதி பறக்கும்.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு, செய்பவர்களும் உண்டு. விதையை ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம், கிலோவுக்கு ஒரு லிட்டர் வீதம் 20 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்தி விதைத்தால் இடைவறட்சியைக் கூடுதலாகச் சில நாள் தாங்கும். வெயிலில் உலர்த்தினால் பயனில்லை, முளைப்பும் கெடும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அண்ணா ஆர் 4 போன்ற 100, 105 நாள் ரகம் அல்லது சித்திரைக்கார், குழியடிச்சான் போன்ற பழைய ரகம் எடுத்தால் மார்கழிக்குள் கதிர் முற்றிவிடும். ஆனால் எந்த நாளில் விதைப்பது என்று தீர்மானிக்க, தன் குறுவட்டத்தில் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) மி.மீ. கணக்கில் என்ன பெய்தது, கடைசி மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டு எண் வேண்டும். அவை நாளிதழில் இல்லை.

கண்மாய்க்கு வேண்டிய மழையும் பயிருக்கு வேண்டிய மழையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாளுக்கு 10 மி.மீ. வீதம் பத்து நாள் பெய்தால் பயிர் செழிக்கும், கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதி, ஈரமாகும், அவ்வளவுதான். வெடித்துக் கிடக்கும் கரிசல் அந்த மழையை வெடிப்பு வழியே குடித்துவிடும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தண்ணீர் ஓடாது. அதே 100 மி.மீ. ஒரே இரவில் பெய்தால் கண்மாய்க்கு வரத்து உண்டு, பள்ளத்து வயலில் இளம்பயிர் மூழ்கும். மொத்தம் இரண்டுக்கும் 100. நிறைந்த கண்மாயும் நிலைக்காது. தை முதல் பங்குனி வரை நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று குறைத்தே வைத்தாலும் தொண்ணூறு நாளில் 45 செ.மீ. போய்விடும். சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமே நிற்கும் கண்மாயில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு மடைகூடத் திறக்காமலே. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும் கண்மாய்களைத் தூர்வாரும்போது, மண்ணை உள்வாய் முழுக்கச் சுரண்டாமல், கரையோர மண்ணெடுப்புப் பள்ளங்களை ஆழமாக்குவது இதனால்தான் முக்கியம். பரப்பு குறைந்தால் ஆவியும் குறையும்.

மழைமானி இல்லாத ஊர்கள் தாமே அளந்துகொள்ளலாம். பொருள் செலவு சொற்பம். கடையில் வாய் அகலமான பிளாஸ்டிக் புனலும் ஒரு பத்து லிட்டர் கேனும் போதும். புனலின் உள் விட்டம் 20 செ.மீ. என்றால் அதன் பரப்பு 314 சதுர செ.மீ. கேனில் சேர்ந்த தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து 31.4-ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும், 314 மி.லி. சேர்ந்திருந்தால் 10 மி.மீ. மழை. விட்டத்தை விளிம்பின் உட்புறத்தில் அளக்க வேண்டும், அரை செ.மீ. தவறினால் கணக்கு ஐந்து சதவீதம் பிசகும். கேனை மண்ணில் புதைத்து, புனல் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சாயாமல் மட்டமாக நிற்கச் செய்யுங்கள். தரைமட்டத்தில் வைத்தால் மண் தெறிக்கும்; சிமென்ட் தளத்தில் வைத்தால் தளத்தில் பட்ட துளியும் உள்ளே துள்ளும்; மாடியில் வைத்தால் காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போய்க் குறைவாகக் காட்டும். 5 மீட்டர் மரம் இருந்தால் 10 மீட்டராவது தள்ளி வையுங்கள். பத்து லிட்டர் கேன் 318 மி.மீ. வரைதான் பிடிக்கும். ராமேஸ்வரத்தில் கொட்டியது போல 41 செ.மீ. வந்தால் ஏறத்தாழ 13 லிட்டர் சேரும்; ஆகவே கேனை ஒரு பெரிய வாளிக்குள் வைத்துப் புதைத்தால் வழிந்ததையும் அளக்கலாம்.

அளக்கும் நேரம் காலை 8.30. முந்தைய நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்தது அன்றைய தேதியில் பதிவாகும். திங்கள் மாலை பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வருவது இதனால்தான். நாளிதழில் ‘நேற்று’ என்று போட்டுவிட்டால் ஊர்க் குறிப்பேட்டோடு ஒரு நாள் பிசகும். பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும், அளக்காத நாளில் கோடு போட வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், மழை இல்லையா, அளக்க ஆள் இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஊர்ப் பதிவேடுகளில் காணும் பெரும்பிழை இதுதான்.

தானியங்கி மழைமானிகள் குறுவட்ட அளவுக்கு வந்துகொண்டிருப்பது நல்லது. ஆனால் எட்டு மாதம் புழுதி பறக்கும் மண்ணில் அதற்கென்று சில நோய்கள் உண்டு. உள்ளே தராசுபோல ஆடும் சிறு கிண்ணம் இருக்கும். குறிப்பிட்ட அளவு தண்ணீர் நிறைந்ததும் கவிழும், ஒவ்வொரு கவிழ்வும் ஓர் எண்ணிக்கை. ஆடி, ஆவணிக்குள் அந்தக் கிண்ணத்தடியில் எறும்பு மண் கட்டியிருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும், புனல் துளையைப் புழுதியும் காக்கை எச்சமும் அடைத்திருக்கும். முதல் மழையில் புனலில் தண்ணீர் தேங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அரை மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டியிருக்கும், கருவியோ ஆறு மணி நேரம் மெல்லிய தூறல் என்று அனுப்பும். மழை நின்ற பிறகும் ஒரே சீராக எண் ஏறிக்கொண்டிருந்தால் அது அடைப்பு. பராமரிப்பவர்கள் ஆவணியிலேயே சோதிக்கலாம்: வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள கருவியில் 500 மி.லி. தண்ணீரை அரை மணி நேரத்தில் மெதுவாக ஊற்றினால் 25 மி.மீ. காட்ட வேண்டும். 20 காட்டினால் கழற்றித் துடைக்க வேண்டும்.

இனி வெயில். ‘சதம்’ என்பது ஃபாரன்ஹீட் கணக்கில் 100, அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். அந்த எண்ணுக்கு வட்ட எண் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. இந்த மாவட்டத்தில் வெயில் இரண்டு சாதி. பரமக்குடி, கமுதிப் பக்கம் காய்ந்த வெயில். பாம்பன், தொண்டி, வாலிநோக்கம் பக்கம் ஈரவெயில். கடலோரத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிடுவதால் வெப்பநிலை 34, 35-இல் நின்றுவிடும். சதப் பட்டியலில் பெயர் வராது. ஆனால் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ 24 காட்டும். 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் 29 காட்டும். வேலை செய்கிறவரின் உடம்புக்கு இரண்டாவதுதான் கொடுமை. நீங்கள் பட்டியலிடுவது முதலாவதை.

ஈரத்துணி வெப்பமானியை உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் எளிதாக வைக்கலாம். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி. ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணி சுற்றி, அதன் நுனியைக் கிண்ணத் தண்ணீரில் விட்டு, நிழலில் இரண்டு நிமிடம் விசிறிவிட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் மட்டும் கூடாது. இங்கத்திய நிலத்தடி நீரில் உள்ள உப்பு துணியில் படிந்து இறுகிவிடும், துணி நீரேற்றாது, ஒரு வாரத்தில் எண் உயர்ந்து காட்டும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை துணியை மாற்றினால் சரியாக இருக்கும். கார் கண்ணாடிக்குள்ளும் தார்ச்சாலை ஓரமும் எடுத்த 47, 48 டிகிரிப் படங்களை அச்சிடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காற்றின் வெப்பநிலை என்பது வெள்ளைச் சட்டம் அடித்த பெட்டிக்குள், ஆள் நெஞ்சு உயரத்தில், நிழலில் அளப்பது. ‘கத்திரி முடிந்தது, இனி வெயில் தணியும்’ என்ற வைகாசித் தலைப்பும் இந்த ஊருக்குப் பொருந்தாது. கேரளத்தில் மழை இறங்குவதால் இங்கே குளிர்ச்சி வந்துவிடாது. ஆனி, ஆடியிலும் பரமக்குடி காயத்தான் செய்யும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. வடகிழக்குப் பருவத்தின் மழைமேகம் வங்கக் கடலில் திரள்வது. கண்மாய்க்குள் நிற்கும் முள் அதைத் தடுக்காது. அந்த மரத்தின் குற்றம் வேறு: வேரை ஆழவிட்டு நிலத்தடி நீரை இலைவழி வெளியேற்றுகிறது, வரத்துக்காலை அடைக்கிறது. வெட்ட வேண்டிய இடம் வரத்துக்காலும் உள்வாயும். மழை வரும் என்று சொல்லி வெட்டச் சொன்னால், வெட்டிய ஆண்டில் மழை பொய்த்ததும் ஜனங்கள் வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். கரிமூட்டக்காரர் மட்டும் வெட்டிக்கொண்டிருப்பார்.

கேட்பது இவ்வளவே. புரட்டாசி முதல் மார்கழி வரை, வட்டம்வாரியாக ஒரு வரி: நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை எத்தனை மி.மீ., அக்டோபர் 1 முதல் மொத்தம் எவ்வளவு, அதில் மழை நாள் எத்தனை, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள். எடுத்துக்காட்டுக்கு, ‘முதுகுளத்தூர் 18, 142, 6 நாள், 0’ என்று நான்கு எண். ராமேஸ்வரம் தீவைத் தனி வரியாக வையுங்கள், சராசரியில் சேர்க்க வேண்டாம். பங்குனி முதல் ஆவணி வரை, பிற்பகல் வெப்பநிலையின் பக்கத்தில் அதே நேரத்து ஈரப்பதம். இந்த எண்கள் எல்லாம் வருவாய்த் துறையிடமும் வானிலை மையத்திடமும் அன்றாடம் இருப்பவைதான். உங்கள் ராமநாதபுரம் பதிப்பில் ‘எங்கெங்கே சதம்’ என்ற பட்டியல் வரும் அதே மூலையில் அவற்றுக்கு இடம் இருக்கிறது. ஆவணி கடைசியில் தொடங்கினால் புழுதி விதைப்புக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முதுகுளத்தூர் வட்டம்.